என் காதில் மட்டும் சொன்னது

இன்று காலை அவித்த மல்லாட்டை வாசனை வாசலில் வந்து நின்றது. உங்கள் தம்பி பெண்டாட்டிதான். தூக்கு நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மொதக் காய் புடுங்கினோம்க்கா" என்று மட்டும் சொல்லி, நிற்காமல் போய்விட்டாள். முதல் கடலைக் காயை அவித்துப் பங்காளி வீட்டுக்குக் கொடுத்த பிறகுதான் வாயில் வைப்பது நம் குடும்ப வழக்கம். நீங்கள் தம்பியோடு பேச்சை நிறுத்திய பிறகும் அவர்கள் அதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு வருடமும் வரும். நீங்களும் அசராமல் மாட்டுத் தொட்டியில் கொட்டச் சொல்வீர்கள்.

அப்படி என்ன பெரிய சண்டை? ஒரே கிணறு, ஒரே மோட்டார், ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர். அந்த வாரம் த்ரீ ஃபேஸ் கரண்ட் நேரம் மாறிப்போய், உங்கள் முறையன்று வரவே இல்லை, மறுநாள்தான் வந்தது. தவறிப்போன முறைக்கு இந்தத் தண்ணீர் எனக்குத்தான் என்றீர்கள் நீங்கள். நாள் என்னுடையது, தண்ணீரும் என்னுடையது என்றார் உங்கள் தம்பி. இரண்டும் நியாயம்தான். அதைச் சொன்னதற்கு என்னையும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தீர்கள். காய் பிடிக்கிற சமயத்தில் செடி வாடியதும் தெருவே கேட்கக் கத்தினீர்கள். "நான் செத்தாலும் அவன் என் மூஞ்சில முழிக்கக் கூடாது."

அண்ணனும் தம்பியும் இருமுவதுகூட ஒரே மாதிரி. இப்போதும் கிணற்றுப் பக்கம் அவர் இருமினால், நீங்கள்தான் என்று நினைத்துத் திரும்பிவிடுகிறேன்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கடைசி நாள், மகன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். நீங்கள் என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள். குரலே இல்லை. வாயருகே காதை வைத்துத்தான் கேட்டேன்.

"சின்னவன் வெளியதான நின்னுக்கினு இருக்கான்? போதும். வரச் சொல்லு."

எப்படித் தெரிந்ததோ. உள்ளே வரப் பயந்து மூன்று நாளாக அவர் வாசலில்தான் கிடந்தார். ஓடினேன். கேட் அருகே டீக்கடையில் இருந்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தவர், "நெசமாவா அண்ணி? அண்ணனே சொன்னாரா?" என்று கேட்டார். நடந்துகொண்டே திரும்பவும் கேட்டார். நாங்கள் மேலே வந்தபோது உங்கள் கட்டிலைச் சுற்றித் துணி மறைப்பு இழுத்திருந்தார்கள்.

நம் மகன் அவரைப் பாடை தூக்க விடவில்லை. "அப்பா சொன்னது சொன்னதுதான்" என்றான். ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதைச் சொல்லி அழுதேன். "நான் கேக்கலையேம்மா. எல்லாரையும் சேத்து வைக்கணும்னு நீயா சொல்ற" என்றான். ஊரில் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? நீங்கள் கத்தியதைக் கேட்டவர்கள்தான் தெரு முழுக்க இருக்கிறார்கள்.

இன்றைக்கும் திண்டிவனம் கடைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் தூக்கை எடுத்துப்போய்த் தொட்டியில் கவிழ்த்தான். உங்களைப் போலவே, முகத்தைத் திருப்பிக்கொண்டு. அடியில் ஒட்டியிருந்த நாலு காயைப் பின்கட்டில் நின்று உரித்துத் தின்றேன். உப்பு சரியாக இருந்தது. அதற்கே அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் இதையா மாட்டுக்குப் போட்டோம்?

சோறு போடும்போது இன்றும் சொன்னேன், அப்பா உன் சித்தப்பாவை வரச் சொன்னார்டா என்று. போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனான். பக்கத்தில் உட்கார்ந்து பேரன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோபத்தை ஊருக்கே சொன்னீர்களே, 'வரச் சொல்லு' என்பதை மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாகச் சொன்னீர்கள்? அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் இந்த வீட்டில் நடமாடுகிறேன். வாங்கிக்கொள்ள ஆளில்லை. நானும் போய்விட்டால் நீங்கள் அதைச் சொல்லவே இல்லை என்றாகிவிடும்.