காய்ச்சலே இல்லாத காய்ச்சல்

அக்கா,

இன்று காலை ஒரு பசுவின் காதைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. பிடித்த கையை எடுக்கத் தோன்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி, கன்று போட்டு இரண்டு நாளான பசு. வீட்டுக்காரப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வந்த டாக்டர் ஊசியை எடுக்காமல் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

நீங்கள் இருந்தவரை உங்களுக்குக் கடிதம் எழுதத் தேவையே வரவில்லை. வாரம் ஒருமுறையாவது உங்கள் கட்டுத்தறிப் பக்கம் வந்துபோகிற வேலை எனக்கு. சொல்ல நினைத்ததை நேரிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த ஊர் கால்நடை மருந்தகத்துக்கு நான் வந்த புதிதில், மாட்டுக்காரர்கள் எல்லாரும் டவுன்காரி என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். "ஏனுங் டாக்டரம்மிணி, ஆர்.எஸ்.புரத்துல சாணிக்கு என்னங்க பேரு?" என்று கேட்டீர்கள். "அங்கயும் சாணிதானுங்க அக்கா" என்றேன். "அப்பச் செரி, பொழச்சுக்குவீங்க" என்று சொல்லி ஒரு சொம்பு மோரை நீட்டினீர்கள். அன்றிலிருந்து எனக்கு இந்த ஊரில் ஒரு வீடு இருந்தது.

உங்கள் செவலை மூன்றாவது கன்றைப் போட்ட அன்றும் நான் வந்திருந்தேன். நஞ்சுக்கொடி விழுந்ததைப் பார்த்தேன், கன்றுக்குச் சீம்பால் ஊட்டச் சொன்னேன். செவலையின் மடி திரண்டு, தொட்டால் தெறித்துவிடும் போல இருந்தது. "நெறையக் கறக்கற மாடுங்க அக்கா. பால் காய்ச்சல் வந்தாலும் வரும். வந்தா ஒடனே போன் போடுங்க" என்றேன். தாராபுரம் ரோட்டில் இன்னொரு மாடு காத்திருந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

கன்று போட்டதும் பசுவின் உடம்பிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து பாலுக்கு இறங்கிவிடும். ரத்தத்தில் அது குறைந்தால் கால் தள்ளாடும், காது சில்லிட்டுப் போகும், கடைசியில் கழுத்தை வயிற்றுப் பக்கம் மடக்கிப் படுத்துவிடும். உடம்பு குளிர்ந்து போகிற இந்த நோய்க்குப் பால் காய்ச்சல் என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. படித்த எங்களுக்குப் பேரைக் கேட்டதும் விஷயம் புரிந்துவிடும். படிக்காதவர்களுக்கும் புரியும் என்று நினைத்தேனே, அதுதான் என் திமிர்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில்தான் நீங்கள் கூப்பிட்டீர்கள். நான் வந்தபோது செவலை தலையை மடக்கிப் படுத்திருந்தது. அதன் மேல் இரண்டு கோணிச்சாக்கைப் போர்த்தி, நீங்கள் அதன் காதைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். கால்சியம் பாட்டிலை வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி, கழுத்து நரம்பில் ஊசியைச் சொருகி, மெதுவாக ஏற்றினேன். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். மெதுவாக ஏற்றியும் நின்றுவிட்டது. பாட்டிலில் பாதி மருந்து அப்படியே இருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் சுற்றி நிற்க, உங்களைத் திட்டினேன். "நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? மாடு விழுந்து கெடக்கற வரைக்கும் என்ன பண்ணிட்டு இருந்தீங்க? உங்களுக்கெல்லாம் எதுக்கு மாடு?"

"காத்தால இருந்து காதத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டேதானுங்க இருந்தேன். சூடே வருல..." என்று ஆரம்பித்தீர்கள். நான் முடிக்க விடவில்லை. "காரணம் சொல்லாதீங்க" என்றேன். நீங்கள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, "தப்புத்தானுங்க" என்றீர்கள்.

திரும்பி வரும்போது பாதி வழியில்தான் அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. சூடே வரவில்லை. காய்ச்சல் வந்தால் கூப்பிடச் சொன்னேன். நீங்கள் காலையிலிருந்து காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காது குளிரக் குளிர, காய்ச்சல் இல்லை என்று தைரியமாக இருந்திருக்கிறீர்கள். நான் சொன்னதை இந்த ஊரில் ஒருவர் அப்படியே கேட்டு நடந்தார் என்றால் அது நீங்கள்தான். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை, அக்கா. ஊரார் முன்னால் திட்டிவிட்டு, அதே ஊரார் முன்னால் தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் வந்தபோதும் நீங்கள் மோர் கொடுத்தீர்கள். அதைக் குடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. குடித்தேன். அதன் பிறகு வந்த வருஷங்களில் எத்தனையோ தடவை பேச்சை எடுக்கப் பார்த்தேன். நீங்கள் என் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரிப்பீர்கள், புது மாட்டுக்குத் தாது உப்பு எவ்வளவு வைக்கலாம் என்று கேட்பீர்கள். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிடுவேன். போன மாதம் நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டீர்கள். மாலையோடு வந்து, கூட்டத்தில் நின்று, எதுவும் பேசாமல் திரும்பினேன்.

நான்கு வீடு தள்ளியிருக்கும் அந்தப் பெண்ணின் மாடு கன்று போட்டபோது நான் போகவில்லை; ஆனாலும் இன்று காலை அவள் சரியான நேரத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தாள். மாடு இன்னும் தலையை மடக்கவில்லை. மருந்து ஏற ஏற உடம்பு நடுங்கியது, ஏப்பம் விட்டது, சாணி போட்டது, பிறகு தள்ளாடிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டது. "எப்படித் தெரிஞ்சுதுங்க?" என்று கேட்டேன்.

"நாலு ஊடு தள்ளி இருந்தாங்களே, அந்த அக்காதானுங்க போன கன்னுக்கே சொல்லி வச்சாங்க. இந்த ஊர்ல கன்னு போட்ட ஊட்டுக்கெல்லாம் போயிச் சொல்லுவாங்க. பேரு காய்ச்சல்னாலும் காது சில்லுனுதான் இருக்கும், சில்லுனு இருந்தா ஒடனே டாக்டரம்மாவக் கூப்பிடோணும்னு. அவுங்க செவலைய அப்படித்தான் பறிகொடுத்தாங்களாமா. 'டாக்டரம்மிணி வெவரமாத்தான் சொல்லுச்சு, என்ற காதுலதான் செரியா உழுகல'ன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

இத்தனை வருஷமாக என் தப்பை உங்கள் தப்பாக்கி, வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறீர்கள். என் பேர் கெடக்கூடாது என்றா? இல்லை, உண்மையாகவே உங்கள் காதைத்தான் சந்தேகப்பட்டீர்களா? இனி யாரிடம் கேட்பது?

அந்தப் பெண்ணைப் பார்த்து, "அவங்க காதுல ஒரு கொறையும் இல்லீங்க. நான் சொன்னதுதான் தப்பு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "கை கழுவத் தண்ணி கொண்டாறேனுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

செவலை போனதிலிருந்து, கன்று போட்ட வீட்டுக்குப் போனால், கிளம்புவதற்கு முன் வீட்டுக்காரர் கையைப் பிடித்து மாட்டின் காதில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் வருகிறேன். அது உங்களிடமிருந்து வந்த பாடம். ஆனால் 'நான் சொன்னதுதான் தப்பு' என்ற அந்த ஒரு வரியை உங்கள் கட்டுத்தறியில் நின்று சொல்லவேண்டியவள், நான்கு வீடு தள்ளி நின்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.