ரெஃப்யூசல் வந்த ஞாயிற்றுக்கிழமை

மர்பி டவுன், பெங்களூரு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கிருத்திகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம். குவாஹாட்டியில் மழை விட்டதா? போனில் சொன்னால் நடுவில் சிரித்து என்னைப் பேசவிட மாட்டாய். அதனால்தான் கடிதம். முழுவதும் படித்த பிறகு சிரி.

ஞாயிற்றுக்கிழமை காலை நம் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் உன் செய்தி வந்தது. “ரெஃப்யூசல். இனி ஆழமா போக வேணாம்.” அவ்வளவுதான். உன் ஆபீசுக்குப் போக வேண்டியது கை தவறி இங்கே வந்துவிட்டது என்று எனக்கு எப்படியடி தெரியும்? அன்றைக்குத்தான் சுஹாஸ் தன் வீட்டில் உங்கள் கல்யாணப் பேச்சை மறுபடி எடுப்பான் என்று நீயே சொல்லியிருந்தாய். கூப்பிட்டால் உன் போன் ஸ்விட்ச் ஆஃப். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள், நீயும் மனம் ஒடிந்து போனை அணைத்துவிட்டாய் என்றே நினைத்தேன்.

இரண்டு வருஷமாக அந்தப் பையன் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. கன்னடக்காரர்கள், நம் ஜனம் கிடையாது, தருமபுரியில் உன் பெரியப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று ஆயிரம் சொன்னேன். அதற்காக அவர்கள் என் பெண்ணை வேண்டாம் என்பதா? கொஞ்சம் பொறு சந்திரா, அவ என்ன அர்த்தத்துல போட்டாளோ என்றார் அப்பா. யார் கேட்டது! ஆட்டோ பிடித்து லிங்கராஜபுரத்தில் அவர்கள் வீட்டு முன் இறங்கிய பிறகுதான் பார்த்தேன், ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் அப்பாவுடையது.

கதவைத் திறந்தது சுஹாஸின் அம்மா மமதா. நமஸ்காரம்கூடச் சொல்லாமல் கன்னடத்திலேயே பிடித்துக்கொண்டேன். நம்ம ஹுடுகிகே ஏனு கம்மி, எங்கள் பெண்ணுக்கு என்ன குறைச்சல், தேடினாலும் உங்களுக்கு இப்படி ஒருத்தி கிடைப்பாளா என்று கேட்ட கேள்வியில் எதிர்வீட்டு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டது. அந்த அம்மா திருதிருவென விழித்தார். நாவு யாவாக பேடா அந்த்வி, நாங்கள் எப்போது வேண்டாம் என்றோம், நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்களா என்றுதானே காத்துக்கொண்டிருக்கிறோம் என்றார்.

நான் போனை நீட்டினேன். சுஹாஸ் வாங்கிப் படித்தான். சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. ஐயோ ஆன்ட்டி, இது நல்ல சேதி என்று என்னை உட்கார வைத்து எல்லாம் சொன்னான். குவாஹாட்டியில் நீ மண் பரிசோதிக்கிற, ஆஸ்பத்திரி கட்டப்போகிற இடத்தில் மேலே எல்லாம் தண்ணீர் ஊறிய மணலாமே. பூமி அதிர்ந்தால் அது கூழாகி, மேலே நிற்பதெல்லாம் சாய்ந்துவிடுமாமே. அந்த ஊரில் அதிர்வு வேறு அடிக்கடி வருமாம். அதனால்தான் நீ துளை போட்டு, குழாயைச் சம்மட்டியால் அடித்து அடித்து இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்றான். என்ன அடித்தாலும் இனி இறங்க விட மாட்டேன் என்று அடியில் மண் விறைத்து நிற்கிறதே, அதற்குத்தான் உங்கள் தொழிலில் ரெஃப்யூசல் என்று பேராம், அதன்மேல் அஸ்திவாரம் ஊன்றினால் கட்டடம் சாயாதாம். நீ வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் தேடியது அதைத்தானாம், கிடைத்ததும் போனை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாயாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. போன வாரம் நீ சரியாகச் சாப்பிடாததற்குக்கூட அந்தப் பையன்தான் காரணம் என்று திட்டிக்கொண்டிருந்தேனடி.

மமதா காப்பி கொடுத்தார். சர்க்கரை அதிகம், இருந்தாலும் குடித்தேன். கிளம்பும்போது குங்குமம் வைத்துவிட்டு, ஆவணியில் நாள் பார்க்கலாமா என்று கேட்டார். சண்டை போடப் போன வாயால் எப்படி மாட்டேன் என்று சொல்வது? பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், செருப்பைப் பார்த்துச் சிரித்தவர் சிரித்துக்கொண்டே இருக்கிறார். உன் பொண்ணு உன்னையும் ரெண்டு வருஷமா அடிச்சுப் பார்த்தா, நீ இறங்கினியா, உறுதியான இடம்தான், தைரியமா மேலே கட்டலாம் என்கிறார். கிண்டலைப் பார்! உன் பெரியப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

போனை அணைக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. பூமி ஆடினாலும் நீங்கள் இரண்டு பேரும் ஆடாமல் நிற்க வேண்டும், அதுதான் நான் கும்பிடுகிற சாமியிடம் கேட்பது. ஆஸ்பத்திரியை அவர்கள் கட்டட்டும். நீ வந்து அவனைக் கட்டிக்கொள்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா சந்திரம்மா