ஏழாம் நிரல் எங்கே?

கல்முனைக்குடி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மிஹ்லார் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எவ்வளவு கோபம் இருந்தாலும் ஸலாத்தை விடக் கூடாது என்பதால் முதலில் அது. வட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால்தான் உட்கார்ந்து கடிதமாகவே எழுதி இமெயிலில் அனுப்புகிறேன்.

நம் மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இரண்டு நாளாக நன்றாகப் பால் குடிக்கிறாள். நேற்று உங்கள் உம்மா வந்து, "மகன்ட கட்டுர வெளிய வருதாம், ஒண்ட பேரும் இரிக்காம் மகள்" என்று சந்தோசப்பட்டு வட்டிலப்பம் தந்துவிட்டுப் போனார். நான் அதைத் தொடவில்லை. அன்று காலையில்தான் நீங்கள் அனுப்பிய கட்டுரையைத் திறந்து பார்த்திருந்தேன்.

அதில் மூன்றாம் படம், புரதங்களைப் பிரித்துக் காட்டும் என்னுடைய ஜெல். வயிற்றில் பிள்ளையோடு, கால் வீங்க வீங்க ஆய்வுகூடத்தில் நின்று நான் ஓட்டியது. ஒரு சோதனைக்கு ஒன்றாக ஏழு நிரல்கள் இருந்தன. உங்கள் படத்தில் ஆறுதான் இருக்கின்றன. ஏழாவது எங்கே மச்சான்?

மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது, சொல்கிறேன். நம்முடைய நொதியம் பற்றீரியாவின் மென்சவ்வுக்குள் புதைந்திருந்து மற்றப் புரதங்களை வெட்டுகிறது. ஆனால் வருகிற எல்லாவற்றையும் அது வெட்டுவதில்லை. மென்சவ்வுக்குள் நிற்கும் புரதச் சுருள் எங்கே தளர்ந்திருக்கிறதோ, அந்த இடம்தான் அவிழ்ந்து நொதியத்தின் ஈரமான குழிக்குள் வளைந்து வரும். அங்கே அலனின் போன்ற சிறிய அமினோ அமிலம் இருந்தால், நொதியத்தின் வெட்டும் பகுதியான செரீன் அதை வெட்டும். நாம் புதிதாகக் கண்ட புரதத்தையும் அதுவே வெட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழாம் நிரலில் நான் போட்டது செரீன் மாற்றப்பட்ட, வெட்டவே முடியாத நொதியம். அப்போதும் புரதம் வெட்டுப்பட்டிருந்தது. அப்படியென்றால் அதே மென்சவ்வில் இருக்கும் வேறு ஏதோ வெட்டியிருக்கிறது. இது உங்களுக்கு விளங்காதா?

போனில் கேட்டதற்கு, "ஒரு தரம்தானே ஓட்டின, ஜெல் பிழச்சிரிக்கும். ஸ்கொலர்ஷிப்ப நீட்டணும், கதைக்காம இரி" என்றீர்கள். ஜெல் பிழையென்றால் திரும்ப ஓட்டியிருக்க வேண்டும். நீங்கள் கத்தரித்துவிட்டீர்கள். போதாததற்கு என் பெயரை முதலாவதாகப் போட்டுவிட்டு, எனக்குச் செய்த உபகாரம் மாதிரிச் சொல்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

நான் சந்தேகப்படும் மற்ற நொதியத்தின் மரபணுவை நீக்கிய பற்றீரியாவைச் செய்து, அங்கே ஆய்வுகூட உறைபெட்டியின் இரண்டாம் தட்டில் வைத்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தேன். அதைச் செய்ய எனக்கு மூன்று கிழமை பிடித்தது. அதில் இரண்டு நொதியத்தையும் போட்டு ஓட்டுங்கள். நம்முடையது வெட்டி, செரீன் இல்லாதது வெட்டாமல் விட்டால், நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நம் ஆய்வுகூடப் பேராசிரியருக்கு எழுதிய கடிதம் என்னிடம் தயாராக இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும்வரை அனுப்ப மாட்டேன். அதற்குள் நீங்களே போய் அவரிடம் சொல்லிவிடுங்கள். உங்களைப் பற்றி அந்நியருக்கு எழுத என்னை விடாதீர்கள்.

ஸ்கொலர்ஷிப் போனால் போகட்டும். வாப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு இருக்கிறது. வெறுங்கையோடு வந்து நில்லுங்கள், ஏன் என்று ஒருவரும் கேட்க விடமாட்டேன். பொய்யோடு மட்டும் என் வாசலுக்கு வராதீர்கள் மச்சான். சொல்ல வேண்டியதைச் சொல்லும் தைரியத்தை அல்லாஹ் உங்களுக்குத் தரட்டும்.

ஐந்து நேரமும் துஆக் கேட்டுக்கொண்டு,
கோபம் ஆறாத உங்கள்
நுஸ்ஹா