சும்மா ஓடிய லேத்

மண்ணூர்,
ஜூலை 2021

அன்பு மகள் நிலாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், டப்ளின் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையில் நிற்கிற நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். இரண்டாவது கொரோனா ஊசியும் போட்டாயிற்று, அம்மாவுக்குத்தான் காய்ச்சல் அடித்தது. இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அவள் அனுப்புவாள். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் நம் லேத் பட்டறைக்காரர்கள் சங்கத்திலிருந்து சுபஸ்ரீ என்கிற பெண் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, பட்டறை ஓடுகிறதா மூடிக்கிடக்கிறதா என்று விசாரித்தாள். பில் கட்ட முடியாமல் மூடிக்கிடக்கிற பட்டறைகளுக்குக் கரண்டைத் துண்டிக்காதீர்கள் என்று கரண்ட் ஆபீஸில் மனு கொடுக்கத்தான் அந்த விசாரிப்பு. நம் பட்டறை ஏப்ரலிலிருந்தே மூடித்தான் கிடக்கிறது மகளே, ஒரகடம் கம்பெனிகளிலிருந்து ஒரு ஜாப்கூட வரவில்லை. ஆனாலும் அவள் போனை நான் எடுக்கவே இல்லை. பக்கத்து ஷெட் சுப்பராயனும் எடுக்கவில்லை. "மூடிக்கீதுன்னு ஒரு பொண்ணாண்ட எப்படிண்ணே சொல்றது, மானம் போவுது" என்றான். எனக்கும் அதே வெட்கம்தான். வேலை ஓடுகிறவர்கள் எல்லாம் முதல் ரிங்கிலேயே எடுத்துப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். மனுவைப் பற்றிப் பேச சங்கம் போட்ட கூட்டத்துக்கும் சுப்பராயன் வரவில்லை, நீ போய்ப் பாருண்ணே என்று என்னைத்தான் அனுப்பினான். செயலாளர் எழுந்து, பேசினவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பட்டறை ஓடுகிறது, மனு எதற்கு என்று முடித்துவிட்டார். அந்தப் பெண் மட்டும், "எடுக்காதவங்கதான் சார் நிறைய, அவங்க நிலைமை நமக்குத் தெரியாதே" என்றாள். நான் கடைசி வரிசையில் மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நேற்று சுப்பராயன் ஷெட்டில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். அவன் என்னை ஒரு சொல் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அடுத்தது நம் ஷெட்தான்.

காலையில் அம்மா கேட்டாள், "பொண்ணாண்ட மட்டும் நெசத்தையா சொல்லிக்கினு கீறீங்க?" நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும் நேரத்துக்கு ஷெட்டுக்குப் போய், வெறும் லேத்தை ஓடவிட்டுவிட்டுத்தான் இத்தனை நாளும் உன் போனை எடுத்தேன். மாட்டிக் கடைய ஒரு இரும்புத் துண்டுகூட இல்லை. லேத் சத்தம் கேட்டாலே நிம்மதியா இருக்குப்பா என்று நீ சொன்னபோதெல்லாம் எனக்குக் கூசியது. இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கிறேன் என்று நீ கையெழுத்துப் போட்டதும் அந்தச் சத்தத்தை நம்பித்தானே. பெற்ற மகளிடம் நாடகம் ஆடிவிட்டேன்.

இன்று சுபஸ்ரீக்கு நானே போன் செய்து, பட்டறை மூடிக்கிடக்கிறது என்று சொன்னேன். சுப்பராயனும் என் போனை வாங்கிப் பேசினான். மனு போகுமா என்று தெரியவில்லை. நீ இதற்காக வேலையை விட்டுவிட்டு ஓடிவராதே, பேசி முடிவு செய்யலாம். டூட்டி முடிந்ததும் சூடாக ஏதாவது சாப்பிடு, பிரெட்டோடு படுத்துவிடாதே. ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருப்பாராக.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, முதல் ரிங்கிலேயே எடுப்பேன். பின்னால் சத்தம் எதுவும் கேட்காது, பயந்துவிடாதே.

உன் அப்பா,
யாக்கோபு