கியோத்தோவுக்கு உகந்த மாதம்

அக்கா,

உங்கள் மடிப்புத் திரை என் வீட்டுக்கு வந்து மூன்று கிழமை ஆகிறது. மின்தூக்கி வேலை செய்யாத நாளில் அதை நாலாம் மாடிக்கு ஏற்றினோம் என்று சொன்னால், பலேர்மோவின் இந்தப் பிரான்காச்சோப் பகுதியில் அது வேலை செய்த நாள் எது என்று கேட்பீர்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் விரித்து வைத்திருக்கிறேன். நான்கு மடிப்பும் விரிந்தால் கதவு முழுதாகத் திறக்காது. என் அறைக்குள் நான் பக்கவாட்டில் நுழைகிறேன்.

அறை முழுக்க எலுமிச்சை மணம். துடைக்கிற தண்ணீரில் நீங்கள் விடுகிற அந்த இரண்டு சொட்டு. நீங்கள் போய்ப் பத்து மாதமாகிவிட்டது. திரைக்கு அது இன்னும் தெரியவில்லை.

பத்தொன்பது வருடம் நீங்கள் வேலை செய்த வீட்டில், சாப்பாட்டு அறையின் மூலையில் அது நின்றது. நீங்கள் பார்த்துக்கொண்ட வீட்டுக்கார அம்மா, உங்கள் சிஞ்ஞோரா; அவவின் கணவர் கப்பல் தலைவராக இருந்தவர். கப்பல் யப்பானில் நின்ற ஏதோ ஒரு முறை அதை வாங்கி வந்தாராம். சிஞ்ஞோராவுக்கு அதைப் பற்றித் தெரிந்தது ஒரு சொல்தான்: கியோத்தோ. அதைச் சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவா. பெருமூச்சு கணவருக்கா நகரத்துக்கா என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

நான்கு மடிப்பிலும் நான்கு பருவத்தின் ஓவியம். நீங்கள் அதைத் தினமும் துடைத்தீர்கள். ஒரு முழு வருடத்தைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுகிற வேறு ஆளை நான் அறிந்ததில்லை. இடப்பக்கத்தில் தொடங்கி வலப்பக்கத்தில் முடிப்பது உங்கள் முறை. கண்ணாடியானாலும் மேசையானாலும் அதே முறைதான். ஆகவே உங்கள் வருடம் பனியில் தொடங்கியது. இடதுகோடியில் பனி, ஒரு மரப்பாலம், பாலத்தில் குடையோடு முதுகைக் காட்டிப் போகிற ஒருத்தி. அடுத்தது சிவந்த இலை. அதற்கடுத்தது மழையும் ஆறும். வலதுகோடியில் செர்ரிப் பூ.

முதல் தடவை எனக்கு அதைக் காட்டியபோது, சிஞ்ஞோரா தூங்கிக்கொண்டிருந்ததால், மெல்லிய குரலில் கதைத்தீர்கள்.

“இவ இப்பதான் வீட்டை விட்டு வெளிக்கிடுறா, பிள்ளை. பாருங்கோ, பனியிலை ஒரு காலடிகூட இல்லை. இனித்தான் நடக்கப்போறா. போய்ச் சேருறது பூவிலை.”

வாசித்தவள் என்ற பெயர் எனக்கு இருந்தது. நான் பார்த்துக்கொள்கிற முதிய பேராசிரியர், புரொபெசோரேயின் வீட்டில் மூன்று சுவருக்குப் புத்தகம். அவர் கண்ணயர்ந்ததும் நான் ஒன்றை எடுப்பேன். ஆனாலும் உங்கள் விளக்கத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தூசி தட்டுகிறவர்கள் சொல்வதை நம்பலாம் என்றுதான் நினைத்தேன். அவர்கள்தானே கிட்ட நின்று பார்க்கிறவர்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் நம் இருவருக்கும் ஓய்வு. இந்த நகரத்தில் முதியவர்களைப் பார்க்கிற எல்லாப் பெண்களுக்கும் அன்றுதான் ஓய்வு. வியாழன் பின்னேரம் பலேர்மோவின் தாய்மார் எல்லோரும் தனியே இருப்பார்கள், அவர்களைப் பார்க்கிற நாங்கள் எல்லோரும் வெளியே இருப்போம். நீங்களும் நானும் துறைமுகத்துக்கு எதிரே ஒரு மர வாங்குப் பலகையில் இருந்து நேப்பிள்ஸ் கப்பலில் லொறிகள் ஏறுவதைப் பார்ப்போம். அந்த வாங்கில்தான் கியோத்தோவுக்குப் போகிற பேச்சு தொடங்கியது.

ஏன் கியோத்தோ என்று நான் கேட்டேன். நீங்கள் பார்த்த நகரங்களை விரல்விட்டுச் சொன்னீர்கள். பாரிசுக்குப் போனது கலியாணவீட்டுக்கு. லண்டனுக்குப் போனது செத்தவீட்டுக்கு. ரொறன்ரோவுக்குப் போனது பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டுக்கு. மூன்று நகரத்திலும் நீங்கள் பார்த்தது மண்டபம், மண்டபத்தின் பின்கதவு, இலை போடுகிற மேசை. “யப்பானிலை எனக்கு ஒரு சொந்தக்காரரும் இல்லை, பிள்ளை,” என்றீர்கள். “அங்கை போனால் நான் ஊர் பாக்கத்தான் வேணும். வேறை வழியில்லை.”

இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்த அன்று அலுவலக வாசலில் நின்றே நீங்கள் என்னை அழைத்து முதலில் கேட்டது, இதோடு யப்பானுக்கு விசா வேண்டுமா என்றுதான். வேண்டாம் என்றதும் இன்னொருமுறை சொல்லச் சொன்னீர்கள். தடை இல்லை என்பது நம்மைப்போன்ற ஆட்களுக்குப் பழக்கமில்லாத செய்தி.

பிறகு மாதம் பார்க்கத் தொடங்கினோம். புரொபெசோரேயின் அலமாரியில் இருந்த பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நான் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். ஏப்ரல் பூ மாதம். ஆனால் அதை ஒட்டி ஈஸ்டர் வரும், சிஞ்ஞோராவின் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள், பன்னிரண்டு பேருக்குச் சமைக்க நீங்கள் வேண்டும். ஜூன் மழை மாதம். குடை பிடிக்கிறதுக்கு யப்பான் போகவேணுமோ என்றீர்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடையைப் பிடித்து இந்த நகரத்தில் பெயர் எடுத்தவர் நீங்கள். ஜூலையில் கியோத்தோ வேகும், காற்று அசையாது என்று புத்தகம் எச்சரித்தது. அந்தப் பக்கத்தை நாங்கள் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி வாசித்தோம். ஆகஸ்டில் இத்தாலி முழுவதற்கும் விடுமுறை. பிள்ளைகள் மொண்டெல்லோக் கடற்கரையில் வெயில் காய்வார்கள். அவர்களுடைய தாய்மாருடன் நாங்கள் யன்னலைச் சாத்திக்கொண்டு இருப்போம்.

நவம்பர் கடைசியில் இலை சிவக்கும், அதுதான் உத்தமம் என்று புத்தகம் சொன்னது. கார்த்திகையின் அந்தக் கிழமையில் நீங்கள் எங்கேயும் போவதில்லை. போரில் போன உங்கள் தம்பிக்கு விளக்குக் கொளுத்துகிற கிழமை. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். நீங்கள் கப்பலைப் பார்த்தீர்கள்.

இதற்கு மேல் நல்லநாள் வேறு. உங்கள் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், என் வீட்டில் திருக்கணிதம். இரண்டும் ஒத்துவந்த நாளில் விமானம் இல்லை. இப்படியே ஆறு வருடம் போனது. ஒரு மாதமும் ஒத்துவராத ஒரு நகரத்தைப் பற்றி இத்தனை தெரிந்துவைத்திருந்த இரண்டு பேர் உலகத்தில் இருந்திருக்கமாட்டார்கள். என் கைபேசியில் பலேர்மோவின் வானிலைக்குக் கீழே கியோத்தோவின் வானிலையையும் போடச்சொன்னீர்கள். போட்டேன். இன்றைக்கும் காலையில் முதல் பார்ப்பது அதைத்தான்.

போன வருடம் தை மாதக் கடைசியில், சிஞ்ஞோராவை மகள் இரண்டு கிழமைக்கு ஜெனோவாவுக்குக் கூட்டிப்போகிறா என்று வந்து சொன்னீர்கள். பெப்ரவரியில் முழுதாக இரண்டு கிழமை. நீங்கள் கேட்காமலே கிடைத்த லீவு. வாங்கில் இருக்கவே இல்லை; நின்றபடியே கதைத்தீர்கள்.

“பனி மாதம், பிள்ளை. அவ வெளிக்கிடுற மாதம். நாங்களும் வெளிக்கிடுவம்.”

நான் புத்தகத்தைத் திறந்தேன். பெப்ரவரிக்கு அதில் அரைப் பக்கம்கூட இல்லை.

“அங்கை அப்ப ஒண்டும் இல்லை அக்கா,” என்றேன். “மொட்டை மரம். இவ்வளவு தூரம் போய் மொட்டை மரத்தையோ பாக்கிறது? ஈஸ்டர் முடியக் கேளுங்கோ. ரெண்டு மாசந்தானே.”

“ஓம், நீங்கள் வாசிச்சனீங்கள்,” என்று சொல்லி வாங்கில் இருந்துவிட்டீர்கள்.

அந்த வாக்கியத்தில் கிண்டல் இருந்ததா என்று பத்து மாதமாக யோசிக்கிறேன். இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் முதல் கிழமையில், ஒரு புதன்கிழமை, சிஞ்ஞோராவுக்குச் சூப் கிண்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் இருந்தீர்களாம். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் இருந்தீர்களாம். மருத்துவமனைக்கு நான் வந்தபோது உங்கள் கையில் எலுமிச்சை மணம் இருந்தது. அடுத்த நாள் வியாழக்கிழமை. பழக்கத்தில் துறைமுகத்துக்குப் போய் வாங்கின் ஒரு பக்கத்தில் இருந்தேன். மற்றப் பக்கத்தில் ஒரு கிழவர் இருக்க வந்தார். ஆள் இருக்கிறது என்று சொன்னேன். அவர் வெற்றிடத்தைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார். சிசிலிக்காரருக்கு இந்த விஷயங்களை விளக்கவேண்டியதில்லை.

அதன்பிறகு இந்த நகரத்தில் முதுகுகள் பெருகிவிட்டன. சந்தைத் தெருவில் வெயிலுக்குக் குடை பிடித்துப் போகிற ஒருத்தி. பேருந்தின் முன்கதவால் இறங்குகிற ஒருத்தி. நான் வேகமாக நடப்பேன், முன்னால் போய்த் திரும்பிப் பார்ப்பேன். எப்போதும் வேறு முகம், எப்போதும் சற்றுப் பயந்த முகம். பிறகு திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பின்னால் மட்டும் நடக்கிறேன், அவர்கள் வளைவில் திரும்பும்வரை. அதுவரை அது நீங்கள் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

சிஞ்ஞோரா மகளோடு ஜெனோவாவுக்கே போய்விட்டா. இந்த மார்கழியில் வீட்டை ஒழிக்க மகன் வந்தார். உங்கள் பொருட்களை எடுக்க என்னை அழைத்தார். பழைய சாமான் வியாபாரி ஒருவர் திரையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பல வருடமாக ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள், மை கரைந்துவிட்டது, இனி இது காற்று மறைக்கத்தான் உதவும் என்று அவர் சொன்னாராம். மகன் அதை என்னிடம் சொல்லும்போது என் கைகளைப் பார்த்தார். வீடு துடைக்கிற எங்கள் எல்லோருக்கும் ஒரே சோடிக் கைதான் என்பது அவருடைய எண்ணம். விரும்பினால் கொண்டுபோகலாம் என்றார். கொண்டுவந்தேன்.

போன கிழமை அதைப் படமெடுத்துப் புரொபெசோரேக்குக் காட்டினேன். தொண்ணூறு வயதிலும் அவருக்குத் தெரியாததைச் சொல்ல இடம் கொடுக்கமாட்டார். நான் பனியிலிருந்து தொடங்கி உங்கள் கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். அவர் கையை உயர்த்தினார். யப்பானியத் திரையை வலமிருந்து இடமாகப் பார்க்கவேண்டும் என்றார். பூவில் தொடங்கும். பனியில் முடியும். பாலத்தில் போகிறவள் புறப்படவில்லை. மற்ற மூன்று பருவத்தையும் கடந்துவிட்டு, கடைசியாகப் போகிறாள்.

பனியில் காலடி இல்லையே என்றேன். தோற்கிற வழக்கில் கடைசிச் சாட்சியைக் கூப்பிடுகிறவள்போல. அவர் தன் பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, வீட்டில் போய்ப் பார்க்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, கட்டிலில் முழங்காலிட்டு, பனி மடிப்பைப் பார்த்தேன். நீங்கள் முதலில் துடைக்கிற மடிப்பு. அப்போதுதான் பிழிந்த துணி அங்கேதான் ஈரமாகத் தொடும். பூவுக்கு வரும்போது காய்ந்துவிடும். அதனால்தான் பூ அப்படியே இருக்கிறது. பாலத்தின் தூணுக்குப் பின்னால், மடிப்பின் மரச்சட்டம் மறைத்ததால் துணி எட்டாத இடத்தில், அரிசியளவு சாம்பல் நிறக் கோடு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றின் பாதி. காலடிகள், அக்கா. வலப்பக்கத்திலிருந்து வருகின்றன. அவள் நடந்துவந்த வழி முழுவதும் அவை இருந்திருக்கின்றன. பத்தொன்பது வருடம், ஒவ்வொரு காலையும், ஒன்பது மணிக்குள், நீங்கள் அவற்றை அழித்திருக்கிறீர்கள். அழித்து முடித்துவிட்டுத்தான் எனக்குக் காட்டினீர்கள்: பாருங்கோ, ஒண்டுகூட இல்லை.

நீங்கள் தவறாக வாசித்தீர்கள், ஆனால் சரியான மாதத்தைத் தெரிந்தெடுத்தீர்கள். நான் சரியான புத்தகத்தை வைத்துக்கொண்டு உங்களை வாங்கில் இருத்திவிட்டேன். உங்கள் கணக்குப்படி அவள் இன்னும் புறப்படுகிறவள். அதைப் பூதக்கண்ணாடி வைத்து மாற்ற எனக்கு உரிமையில்லை. மறுநாள் கண்ணாடியைப் புரொபெசோரேயிடம் திருப்பிக் கொடுத்தேன். என்ன கண்டாய் என்று கேட்டார். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றேன். உங்கள் வேலையைப் பற்றி அதைவிட நல்ல சாட்சிப் பத்திரம் இந்த நகரத்தில் யாரும் கொடுத்ததில்லை.

அப்படியே நின்ற இடத்தில் பெப்ரவரியில் இரண்டு கிழமை லீவு கேட்டேன். எங்கே என்றார். சொன்னேன். அந்த மாதத்தில் அங்கே பார்க்க ஒன்றுமில்லையே என்று, என் குரலிலேயே சொல்வதுபோல், சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன். இரண்டு பஞ்சாங்கத்தையும் நான் பார்க்கவில்லை. கைபேசி இன்று கியோத்தோவில் பனி என்கிறது.

கடைசி வியாழக்கிழமை நீங்கள் என் வீட்டில் மறந்துவிட்டுப் போன குடை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. கடவுச்சீட்டு, கம்பளிக் காலுறை, அந்தக் குடை, கொண்டுபோவது இவ்வளவுதான். வழிகாட்டிப் புத்தகம் அலமாரியில் இருக்கட்டும். அங்கே ஏதாவதொரு பாலத்தில் ஒருத்தி முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருப்பாள். கூப்பிடமாட்டேன், முன்னால் ஓடிப்போய் முகத்தைப் பார்க்கவும் மாட்டேன். குடையை விரித்துப் பாலத்தின் நடுவரை நடந்துபோய், ஒருமுறை திரும்பி, நான் வந்த வழியைப் பார்ப்பேன். என் காலடிகள் கிடந்தால் கிடக்கட்டும். கிடக்காவிட்டால், ஈரத்துணியோடு நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்வேன்.