தலையிலிருந்து உள்ளங்கைக்கு

ஒக்டோபர் 4

கொழும்பு வீதியில் மஹ்ரூபின் கடைக்குப் போய்க் வட்ட விளிம்பு வைத்த கறுப்புத் தொப்பி ஒன்று வாங்கினேன். "யாருக்கு சேர், பேரனுக்கா?" என்றார். எனக்குத்தான் என்று சொல்ல அரை நிமிடம் பிடித்தது.

எழுதிவைத்தால்தான் எனக்கு எதுவும் ஓடும். எனவே, இனி வரும் பக்கங்களின் ஒழுங்கு:

1. தொப்பியைத் தலையிலிருந்து சரித்து, கைவழியே உருட்டி, உள்ளங்கையில் பிடிப்பது. இந்த ஒரு வித்தை போதும்.
2. முதியோர் சங்கத்தின் டிசம்பர் ஒன்றுகூடலில் அதைச் செய்வது. பேச வேண்டியதில்லை.
3. ஞானேஸ்வரியை மறுபடி முன்வரிசையில் உட்காரவைப்பது.
4. அதுவரை அவளுக்கு எதுவும் தெரியாது.

மூன்றாவதற்குக் காரணம்: போன வருட நன்றியுரையில் தலைவரின் பெயர் மறந்து, "இவருக்கும்" என்று கையைக் காட்டினேன். வீடு திரும்பும்போது மனைவி சொன்னாள்: "இனிமே நான் வாசல் பக்கமாத்தான் உக்காருவேன். சொல்லிட்டேன்."

ஒக்டோபர் 9

அவள் கட்டுக்கலைக் கோயிலுக்குப் போயிருந்தாள். நாற்பது முறை முயன்றேன். நாற்பதும் கீழே. குனிந்து குனிந்து இடுப்புதான் பழகுகிறது.

ஒக்டோபர் 11

கட்டிலோரம் நின்று செய்தால் தொப்பி மெத்தையில் விழுகிறது! முப்பத்தொரு வருடம் மாநகர சபையில் கோப்புப் பார்த்த மூளைக்கு இது ஏன் முதல் நாளே தோன்றவில்லை?

ஒக்டோபர் 19

தொப்பி அலுமாரியில் மோதியது. சமையலறையிலிருந்து, "என்னங்க சத்தம்?"

"புத்தகம் விழுந்திருச்சு."

"அதே புத்தகமா?"

நல்லவேளை, அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒக்டோபர் 23

தொப்பிக்குப் பாரம் போதாது. முழங்கையோடு நின்றுவிடுகிறது. விட்டுவிடலாமா? எழுபத்து மூன்று வயதில் யார் கேட்டார்கள் இதை?

ஒக்டோபர் 28

முடி வெட்டிக்கொண்டு வந்து சும்மா ஒருமுறை முயன்றேன். நேராக உருண்டது! பிறகு எண்ணிச் செய்ததில் நாற்பதுக்குப் பதினொன்று. பயிற்சியின் பலன்.

நவம்பர் 12

சங்கத் தலைவர் ஜனார்த்தனனை பஸ் தரிப்பிடத்தில் கண்டேன். "ஐசே, நிகழ்ச்சி ஒண்டும் தராட்டி நன்றியுரை உமக்குத்தான்" என்றார்.

"தொப்பி" என்றேன்.

"தொப்பியோ?"

"தொப்பி."

எழுதிக்கொண்டார்.

டிசம்பர் 14

ஒன்றுகூடலில் விளக்கேற்றிய பின், மறைந்த அங்கத்தவர்களுக்காக இரண்டு நிமிட மௌனம். எழுந்தோம். தொப்பியைக் கழற்ற வேண்டுமே என்று தலையைத் தொட்டேன் — கை தானாகச் சரித்துவிட்டது. தொப்பி தோளில் இறங்கி, முழங்கையைக் கடந்து, உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் வந்ததில்லை. மௌன அஞ்சலியில்! எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். வாசல் பக்கம் மட்டும் ஒரு சிரிப்பு, அடக்க முயன்று முடியாமல். நாற்பத்தாறு வருடமாகக் கேட்ட சிரிப்பு.

மேடையில் மூன்று முறை முயன்றேன். மூன்றும் கீழே. கடைசியில் தொப்பி உருண்டு முன்வரிசைக்கே போய்விட்டது. அங்கே ஞானேஸ்வரி! எப்போது முன்னால் வந்தாள்? எடுத்து நீட்டி, "கைய கொஞ்சம் எறக்குங்க" என்றாள் மெதுவாக.

இறக்கினேன். வந்தது.

டிசம்பர் 15

கையை இறக்க வேண்டுமென்று அவளுக்கு எப்படித் தெரியும்? தொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். உள்விளிம்பைச் சுற்றிக் கனமான கறுப்பு நாடா, இரண்டு மடிப்பாக. எங்கள் தலையணை உறைகளில் உள்ள அதே நெருக்கமான தையல்.

"எப்போ தைச்ச?"

"நீங்க முடி வெட்டப் போனீங்களே, அன்னிக்கு."

ஒக்டோபர் 28ஐப் புரட்டினேன். 'பயிற்சியின் பலன்' என்று எழுதியிருக்கிறேன்.

முதல் நாள் பட்டியலில் நான்காவது வரி பிழை.