நட்சத்திரத்துக்கு உள்ளே எழுந்த சத்தம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே நலம் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா நலம், நானும் நலம்தான், வலது கை விரல் முட்டிகள் மட்டும் வீங்கியிருக்கின்றன, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். எங்கள் கோளரங்க இயக்குநர் மொட்டையின் மூக்கில் குத்திவிட்டேன். அம்மா போனில் "ஆபீஸ்ல ஏதோ சின்ன மனஸ்தாபம்" என்று மழுப்பியிருப்பாள். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விசாரணைக் குழு உன்னைத் தொலைபேசியில் கூப்பிடப் போகிறது, அதற்குமுன் நடந்ததை என்னிடமிருந்தே கேட்டுக்கொள்.

கோளரங்கத்தில் பெரிய நட்சத்திரங்களின் சாவைப் பற்றிய காட்சியை எழுதியவன் நான். எனக்கு வரவேண்டிய நாற்காலி மொட்டைக்குப் போனதே எனக்கு இன்னும் செரிக்கவில்லை, அது போதாதென்று என் எழுத்திலும் கை வைத்தான். நட்சத்திரம் களைத்துப் போய்த் தூங்குகிறதாம், பின்னால் புல்லாங்குழல் வேறு. தூக்கமா அது? வயிற்றில் இரும்பு சேர்ந்தபின் எரிக்க ஒன்றுமில்லை, பூமியளவு மையம் ஒரு நொடிக்குள் ஒரு நகரத்தின் அகலத்துக்கு நசுங்குகிறது, மேலே இருப்பதெல்லாம் அதன் தலையில் விழுந்து மோதித் தெறிக்கிறது. தெறித்த அலை பாதியில் திணறி நின்று, நியூட்ரினோ என்னும் நுண்துகள்களின் சூட்டில் மறுபடி வெறியேறிக் கிளம்பி நட்சத்திரத்தையே கிழித்து எறிகிறது. சில சமயம் மையம் கருந்துளையாகி, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் தாரைகள் பீறிடுகின்றன. இதற்குப் புல்லாங்குழலா?

போன ஞாயிறு மதியம் கட்டுப்பாட்டு மேசையில் நான் இருந்தேன், என் பழைய காட்சியையே ஓட்டினேன். ஜனத்தை நட்சத்திரத்துக்கு உள்ளே, கும்மிருட்டில் உட்காரவைத்து, மையம் இடிகிற நொடியில் எல்லா விளக்கையும் எல்லா ஒலிபெருக்கியையும் உச்சத்தில் திறந்துவிட்டேன். நாற்காலிகள் அதிர்ந்தன, ஒரு ஒலிபெருக்கி கிழிந்தது, ஜனம் அலறிக்கொண்டு ஓடி வாசலில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கதவைத் திறந்துவிட ஓடிவந்த டிக்கெட் கிழிக்கும் அம்மா அந்த நெரிசலில் மிதிபட்டு மணிக்கட்டு முறிந்துபோனார். மொட்டை என் சட்டையைப் பிடித்து, "விண்வெளியில சத்தமே கிடையாது, இதுகூடத் தெரியாம என்னத்தய்யா படிச்சே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். அதற்குத்தான் அந்தக் குத்து. ரத்தம் கொட்டியது, இன்னொன்றும் கொடுத்திருப்பேன், எலக்ட்ரீஷியன் என் இடுப்பைக் கட்டி இழுத்துவிட்டான்.

வெற்றிடத்தில் சத்தம் இல்லை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நான் ஜனத்தை வெளியே வைக்கவில்லை, உள்ளே வைத்தேன். அங்கே வாயு இருக்கிறது, அதில் அழுத்த அலை போகிறது, அதற்குப் பெயர் சத்தம் இல்லாமல் வேறென்ன. நான் தெரிந்து காட்டினேனா, தெரியாமல் பயமுறுத்தினேனா என்பதுதான் குழுவின் கேள்வி, என் வேலை அதில் தொங்குகிறது. வெடித்த நட்சத்திரங்களையே ஆராய்கிறவள் என்று உன் பெயரைக் கொடுத்தவன் நான்தான். "உங்க வீம்புக்குப் பிள்ளைய வக்காலத்து வாங்க வைக்காதீங்க" என்று உன் அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் டிக்கெட் அம்மாவைப் பார்த்தேன். கையில் மாவுக்கட்டு. என் புத்தி தெரியுமே, அவரிடமும் இரும்பு, அலை என்று ஆரம்பித்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், எங்கயோ ஒரு நட்சத்திரம் செத்துச்சு. அதுக்கு என் கை ஏன் சார் ஒடையணும்?" என்றார். பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். இரும்பையும் அலையையும் அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

ஆகவே, உள்ளே சத்தம் உண்டா என்று குழு கேட்டால் உண்டு என்று சொல், அது உண்மை. அதோடு போனை வைத்துவிடாதே. அத்தனை உச்சத்தில் வைத்திருக்க வேண்டுமா என்றும் கேட்பார்கள், வேண்டியதில்லை என்று சொல். வேலை போனால் போகட்டும். அந்த 'வேண்டியதில்லை'யை மொட்டையின் வாயால் கேட்க உயிர் போனாலும் சம்மதிக்க மாட்டேன், நீ சொன்னால் தலை குனிந்து கேட்டுக்கொள்வேன்.

வேளைக்குச் சாப்பிடு. தெரியாத எண் என்று போனை எடுக்காமல் இருந்துவிடாதே. நீ என்றும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா